பூனையின் காதில் கறுப்புத் தூள்: ஐந்து நாள் சொட்டு மருந்து ஏன் போதவில்லை?

கேட்கப்பட்டது இது. திருச்சியில் ஒரு குடும்பம், தெருவில் கிடைத்த இரண்டு மாதக் குட்டிப் பூனையை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே நான்கு வயதுப் பெண் பூனை ஒன்று, நாட்டு நாய் ஒன்று. குட்டி வந்த நாள்முதல் காதைச் சொறிந்துகொண்டே இருந்தது, காதுக்குள் கறுப்பாகத் தூள். கடையில் வாங்கிய சொட்டு மருந்தை ஐந்து நாள் விட்டதும் அடங்கியது. மூன்றாவது வாரம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது பெரிய பூனையும் தலையை உதறுகிறது. வேப்பெண்ணெய் விடச் சொல்கிறார் பாட்டி. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதைத் தடவலாமா? பூனையோடு படுக்கும் ஏழு வயதுப் பையனுக்கு ஒட்டுமா?

உண்ணி மருந்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கலாம். தடவாதீர்கள். நாய்க்கென்று விற்கும் பல உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் உடம்பு அதை உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பாவும் மகளுமாக ஒரு பூனையைக் காய்கறிக் கூடையில் வைத்து என் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார்கள். முதலில் காது நுனி மட்டும் துடித்தது. பிறகு முகம், பிறகு முதுகு. மேசைமேல் வைப்பதற்குள் வலிப்பு வந்துவிட்டது. காலையில் நாய்க்குப் போட்டதுபோக மிஞ்சிய சில சொட்டுகளை, வீணாக்க வேண்டாமே என்று பூனையின் கழுத்தில் தடவியிருந்தார்கள். இரண்டு நாள் போராடியும் அது பிழைக்கவில்லை. இந்த விஷத்துக்கு நேரடி மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, உடம்பைக் கழுவி, அதுவாக வெளியேறும்வரை உயிரைப் பிடித்துவைக்கத்தான் முடியும். மாட்டுக்கும் நாய்க்கும் தண்ணீரில் கலந்து ஊற்றுகிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் எதுவும் பூனைக்கு வேண்டாம். மனிதருக்குச் சிரங்குக்குத் தரும் பெர்மெத்ரின் களிம்பும் அப்படியே. நாய்க்கு மருந்து போட்டால், அது காயும்வரை பூனை அதை நக்காமல் இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். தெரியாமல் ஏற்கெனவே தடவிவிட்டவர்கள் இதைப் படித்தால், வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். துடிப்பு வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

இனி காதுக்கு வருவோம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது காதுப்பூச்சியாகத்தான் இருக்கும். இயர் மைட்ஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அறிவியல் பெயர் ஓட்டோடெக்டஸ் சைனோட்டிஸ். பூச்சி என்று சொன்னாலும் எட்டுக் கால் உள்ள உயிர், சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலைத் துளைத்து உள்ளே போகாது. காதின் மேல்தோலில் உலவி, உதிரும் செதிலையும் கசியும் நீரையும் தின்று வாழும். அது போகிற இடமெல்லாம் தோல் புண்ணாகிறது. காது அதற்குப் பதிலாக மெழுகைக் கூடுதலாகச் சுரக்கிறது. மெழுகு, காய்ந்த ரத்தம், பூச்சியின் கழிவு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கறுப்புத் தூள். டிகாஷன் இறங்கியபின் ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கையைக் காயவைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காதின் மேல் மடலில் ஒட்டியிருக்கும் தூளைப் பஞ்சில் தொட்டு, ஒரு கறுப்புத் தாளில் தட்டி, வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் சந்தேகமே இல்லை. நகரவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது, ஆழத்தில் இருக்கலாம். மருத்துவரிடம் போனால் அந்தத் தூளில் ஒரு சொட்டு திரவ பாரஃபின் விட்டுக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் காட்டுவார். காட்டச் சொல்லிக் கேளுங்கள். என்னிடம் வருகிறவர்களை நான் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். கால்களைத் துழாவிக்கொண்டு ஒன்று நடந்துபோகும், பக்கத்தில் அரிசி மணிபோல் முட்டை கிடக்கும். அந்த முட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் மருந்தைப் பாதியில் நிறுத்தியதில்லை.

உங்கள் வீட்டில் நடந்தது இந்த முட்டையின் கதைதான். முட்டை பொரிய ஏறக்குறைய நான்கு நாள். வெளியே வரும் குஞ்சுக்கு ஆறு கால். அது தோலுரித்து, மறுபடி உரித்து, எட்டுக் கால் பெற்று, முழு வளர்ச்சி அடைந்து தானும் முட்டையிட மொத்தம் மூன்று வாரம் ஆகிறது. வளர்ந்த பூச்சி சுமார் இரண்டு மாதம் உயிரோடிருக்கும். பெரும்பாலான சொட்டு மருந்துகள் நடமாடும் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. நீங்கள் ஐந்து நாள் விட்டீர்கள். வளர்ந்தவை செத்தன, அரிப்பு நின்றது, குட்டி நிம்மதியாகத் தூங்கியது, புட்டியை மூடி வைத்துவிட்டீர்கள். ஆறாம் நாளுக்குப் பிறகு பொரிந்தவற்றைக் கேட்க ஆள் இல்லை. அவை வளர்ந்து பெருகியதுதான் அந்த மூன்றாவது வாரம். மருந்து வலுவில்லாதது என்று இங்கேதான் பலர் கடை மாற்றுகிறார்கள், மருந்து மாற்றுகிறார்கள். நாள் கணக்குதான் தப்பு. சொட்டு மருந்து என்றால் மருத்துவர் சொல்லும் முழுக் காலம், பொதுவாக மூன்று முதல் நான்கு வாரம். அரிப்பு நின்றுவிட்டது என்பது மருந்தை நிறுத்தக் காரணமே இல்லை.

இரண்டாவது தப்பு, குட்டிக்கு மட்டும் வைத்தியம் செய்தது. இந்தப் பூச்சிக்குப் பூனை, நாய் என்ற பேதம் கிடையாது. கட்டிப்பிடித்து விளையாடும்போதும் ஒரே சாக்கில் படுக்கும்போதும் தாவிவிடும். வளர்ந்த பூனைகள் சில, காது நிறையப் பூச்சியை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூடச் சொறியாது. சில பூனைகளுக்கோ நாலைந்து பூச்சி இருந்தாலே காதைப் பிய்த்துக்கொள்ளும் அரிப்பு, அதன் எச்சில் ஒவ்வாமல் போவதால். ஆகவே சொறிகிற பிராணிக்கு மட்டும் மருந்து என்ற கணக்கு உதவாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே இப்படி ஒரு தாய்ப்பூனையை விட்டுவிட்டேன். அது சுகமாக இருக்கிறதே என்று நான்கு குட்டிகளுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதத்தில் நான்கும் அதே காதோடு திரும்பி வந்தன. தாயின் காதைத் திறந்து பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் வீட்டில் குட்டி, பெரிய பூனை, நாய் மூன்றுக்கும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

மூன்றாவதாக ஒன்று, இது பலருக்குத் தெரியாது. இந்தப் பூச்சி காதுக்குள் மட்டுமே இருப்பதில்லை. கழுத்திலும் தலையிலும் உலவும். பூனை சுருண்டு படுக்கும்போது வால் காதருகே வருமல்லவா, வாலிலும் கண்டிருக்கிறார்கள். காதில் மட்டும் மருந்து விட்டால் வெளியே உலவுவது தப்பிவிடும். ஆகவேதான் இப்போது சொட்டு மருந்தைவிடப் பிடரியில் வைக்கும் மருந்தை நான் விரும்புகிறேன். செலாமெக்டின் என்பது ஒன்று, இமிடாக்ளோபிரிட் சேர்ந்த மாக்ஸிடெக்டின் இன்னொன்று. தோல் வழியே உடம்புக்குள் போய் எல்லா இடத்திலும் வேலை செய்யும், அதன் வீரியமும் பல நாள் நிற்கும். முட்டையைக் கொல்லாவிட்டாலும், பொரிந்து வருவது மருந்துள்ள உடம்பில்தான் கால் வைக்கிறது. ஒரு தடவை வைத்து, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. பலவற்றுக்கு முதல் தடவையே போதும். ஆனாலும் இரண்டாவதை நான் தவிர்க்கச் சொல்வதில்லை.

இதிலும் வயது, எடை பார்க்க வேண்டும். இமிடாக்ளோபிரிட், மாக்ஸிடெக்டின் கலவை ஒன்பது வாரத்துக்கும் ஒரு கிலோவுக்கும் குறைந்த பூனைக்குட்டிக்கு ஆகாது. செலாமெக்டினை அதற்கு முன்பே வைக்கலாம், ஆறு வாரமா எட்டு வாரமா என்பது வாங்கும் மருந்தின் உறையில் இருக்கும். உங்கள் குட்டி இரண்டு மாதம் என்கிறீர்கள், கண்கணக்கில் சொன்ன வயது. எடை போட்டுப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுக்கட்டும். நாய் மருந்தையும் பூனை மருந்தையும் பெயர் ஒன்றுதானே என்று பங்கு போடாதீர்கள். வைக்கும்போது பிடரி மயிரை இரண்டாக வகிர்ந்து, வெண்மையாகத் தோல் தெரிந்ததும் அதன்மேல் விடுங்கள். மயிரின்மேல் விட்டால் மருந்து மயிரோடு காய்ந்துபோகும். மண்டை ஓட்டுக்குக் கீழே, நாக்கு எட்டாத இடம்தான் சரி. நக்கிவிட்டால் வாயில் நுரைதள்ளும், கசப்பினால். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

நாய்க்கு இன்னொரு வசதி உண்டு. உண்ணிக்காக மாதம் ஒன்றோ, சிலது மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள் இருக்கின்றனவே, அஃபாக்ஸோலானர், சாரோலானர், ஃப்ளூராலானர் வகை, அவை காதுப்பூச்சியையும் ஒழிக்கின்றன. உங்கள் நாய்க்கு அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தனி மருந்து தேவைப்படாமல் போகலாம். முன்பு எப்போதாவது வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அந்த வகை மாத்திரையில் அது முக்கியம்.

ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தப் பூச்சிக்கு நல்ல மருந்துதான், மருத்துவர் கையில். கடையில் கிடைப்பது மாடு, ஆட்டுக்கான ஒரு சதவீதக் கரைசல், அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்தாலும், ஒரு கிலோ குட்டிக்கு 0.02 மில்லி. இன்சுலின் ஊசியில்கூட ஓரிரு கோடுதான் வரும். ஒரு சொட்டு என்று வீட்டில் நினைப்பது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். மூளைக்குள் போனால் தள்ளாட்டம், கண் தெரியாமல் போதல், மயக்கம் எல்லாம் வரும். கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற நாய் இனங்களில் பலவற்றுக்கு, இந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் புரதத்தில் பிறவிக் குறை இருக்கிறது. கலப்பினத்திலும் அது வரலாம்.

இப்போது பாட்டியின் வேப்பெண்ணெய். பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த எண்ணெயும் காய்ந்த அழுக்கை ஊறவைக்கும், சில பூச்சிகளை மூச்சுமுட்டச் செய்யும். மருந்தெல்லாம் வருவதற்கு முன் திரவ பாரஃபினை விட்டுத்தான் சமாளித்தார்கள். ஆனால் வேப்பெண்ணெயைப் பூனை நக்கிவிடும், நக்கினால் எச்சில் வடிதலும் நடுக்கமும் வரக்கூடும். கற்பூரம் கலந்த எண்ணெய் அதைவிட மோசம். டீ ட்ரீ ஆயிலை இயற்கை மருந்து என்று விற்கிறார்கள், பூனைக்கும் நாய்க்கும் அது நஞ்சு. டெட்டால் கலந்த தண்ணீரால் காதைத் துடைப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் பூனை நடந்து, பாதத்தை நக்கி நோயில் விழுவதும் உண்டு. பீனால் வகை எதையும் பூனையால் செரித்து வெளியேற்ற முடியாது, பெர்மெத்ரினுக்குச் சொன்ன அதே ஈரல் காரணம்தான். பாட்டிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றிருந்தால், மருத்துவர் காதுச் சவ்வைப் பார்த்துச் சரி என்றபிறகு, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைச் சுத்தம் செய்வதற்கு முன் விட்டுத் தூளை இளக்கச் சொல்லுங்கள். அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

சவ்வு என்று சொன்னேன், காரணம் இருக்கிறது. பூனை, நாய் இரண்டின் காதுக் குழாயும் நேராக உள்ளே போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது, ட என்ற எழுத்தைப்போல. அந்தக் கோடியில்தான் செவிப்பறை என்ற அந்தச் சவ்வு. நாள்பட்ட காதில் அது கிழிந்திருக்கலாம். கிழிந்த காதில் நல்ல மருந்துகூட உள்காதுக்குப் போய்ச் செவிட்டுத்தனத்தையும் தலைச் சாய்வையும் உண்டாக்கும். ஜென்டாமைசின், நியோமைசின் உள்ள மனிதக் காது மருந்துகளை வீட்டிலிருந்து எடுத்து விட வேண்டாம் என்பது இதனால்தான். பூனை தலையை ஒருபக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாலோ, வட்டமாகச் சுற்றினாலோ, கண்மணி இடவலமாக அசைந்துகொண்டே இருந்தாலோ, காதில் எதையும் விடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

சவ்வு நன்றாக இருக்கிறதென்றால் சுத்தம் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். தூள் அடைத்த காதில் விடும் சொட்டு மருந்து பூச்சியைத் தொடுவதே இல்லை. குட்டியை ஒரு பழைய துண்டில், பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோல் தலை மட்டும் தெரியச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்க, இன்னொருவர் செய்வது எளிது. பிராணிகளுக்கான காது சுத்தம் செய்யும் திரவத்தை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த திரவம் காதில் இறங்கினால் அடுத்த முறை புட்டியைப் பார்த்தாலே ஓடிவிடும். மடலை மேலே தூக்கிப் பிடித்து, குழாய் நிறையும் அளவு விட்டு, காதின் அடியில் கெட்டியாகக் கைக்குப்படும் குருத்தெலும்பை இரண்டு விரலால் அரை நிமிடம் பிசையுங்கள். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்கும். கேட்டால் திரவம் சரியாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிசையும்போது பின்னங்கால் தானாகக் காற்றில் சொறியும், பூச்சி உள்ள காதின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. பிறகு விட்டுவிடுங்கள், அதுவே தலையை உதறிப் பாதி அழுக்கை வெளியே தள்ளும். சுவரோரமாக உட்காராதீர்கள், சுவர் முழுக்கத் தெறிக்கும். வெளியே வந்ததை விரலில் சுற்றிய பஞ்சால் துடைத்து எடுங்கள். விரல் போகும் ஆழம் போதும். குச்சி முனைப் பஞ்சு வேண்டவே வேண்டாம், அது அழுக்கை அந்தத் திருப்பத்துக்குள் தள்ளி அடைத்துவிடும். முதல் வாரம் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, பிறகு அழுக்கைப் பார்த்து. ரத்தம் கசிந்தாலோ, தொட்டாலே கத்தினாலோ வீட்டில் செய்ய வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்வதுதான் அந்தப் பூனைக்கு இரக்கம்.

எல்லாக் கறுப்புக் காதும் காதுப்பூச்சி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், உங்கள் நாயை நினைத்து. பூனைகளின் காது நோயில் பாதிக்குமேல் இந்தப் பூச்சிதான் காரணம் என்பார்கள். நாய்களில் அப்படி இல்லை, பத்தில் ஒன்றுகூடத் தேறாது. நாயின் காதில் பழுப்பாகப் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால் மலசேசியா என்ற பூஞ்சையாக இருக்கும், பின்னால் பெரும்பாலும் ஒரு ஒவ்வாமை நிற்கும். மஞ்சளாகச் சீழ் வந்து நாறினால் பாக்டீரியா. பூச்சி புண்ணாக்கிய காதில் இவை இரண்டும் பிறகு வந்து சேர்வதுமுண்டு. அப்போது பூச்சி செத்தபிறகும் அரிப்பு நிற்காது, அதற்குத் தனி மருந்து வேண்டும். தெருப்பூனைகளிடம் இன்னொன்று பார்க்கிறேன். காது மடலின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு, அது முகத்துக்கும் இறங்கும். அது நோட்டோட்ரஸ் என்ற வேறொரு பூச்சி தரும் சொறி, தோலுக்குள் வளை தோண்டுவது.

அரிப்பை லேசாக எண்ணக் கூடாது என்பதற்கு ஒரு மனிதர் சாட்சி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்போர்ட்டில் இருந்த ராபர்ட் லோபஸ் என்ற கால்நடை மருத்துவர், இந்தப் பூச்சி மனிதரைத் தாக்குமா என்று அறிய, பூனையின் காதிலிருந்து எடுத்துத் தன் இடது காதுக்குள்ளேயே விட்டுக்கொண்டார். 1993இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்க இதழில் அதை எழுதினார். உள்ளே அவை சுரண்டுவதும் நடப்பதும் காதில் கேட்டதாம். இரவானால் தூங்கவிடாத அரிப்பு. சில வாரத்தில் அடங்கியதும் மறுபடி விட்டுக்கொண்டார், மூன்றாம் முறையும். ஒவ்வொரு முறையும் தொல்லை குறைந்துகொண்டே வந்தது. இரவு முழுக்கத் தலையை உதறும் குட்டியை எரிச்சலோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் வீடுகளில் இதை நான் சொல்வதுண்டு. உதறி உதறி மடலுக்குள் ரத்தக் குழாய் வெடித்து, காது ஒரு பணியாரம்போல் உப்பிக்கொள்வதும் நடக்கும். அதை அறுவை செய்து வடிக்க வேண்டியிருக்கும், சில சமயம் காது சுருங்கியே போகும்.

உங்கள் பையனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மனிதரிடம் இந்தப் பூச்சி இயல்பாகக் குடும்பம் நடத்துவதில்லை. பூனையை அணைத்த கையிலோ வயிற்றிலோ சிவந்த சிறு தடிப்புகள் வரலாம், பூனைக்கு வைத்தியம் ஆனதும் அவை மறைந்துவிடும். மறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லிக் காட்டுங்கள். பையனை இந்த ஒரு மாதம் மட்டும் தனியாகப் படுக்கவையுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்வதில் அளவுக்கு மீறிப் பயப்படாதீர்கள். உடம்பைவிட்டு இறங்கிய பூச்சி, ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் தாக்குப்பிடிக்கலாம். சூட்டிலும் வறட்சியிலும் சீக்கிரம் செத்துவிடும். மருந்து தொடங்கும் அன்று படுக்கைத் துணி, சாக்கு, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து மொட்டைமாடியில் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். சோபாவின் இடுக்கைப் பெருக்கி எடுங்கள். வீடு முழுக்கப் பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம், பெரும்பாலானவற்றில் அதே பெர்மெத்ரின் குடும்பம்தான் இருக்கிறது. மூன்றுக்கும் பின்னங்கால் நகத்தின் நுனியைக் கத்தரித்துவிடுங்கள், சொறிந்தாலும் புண் ஆழமாகாது.

இனிமேல் வராமல் இருக்க, புதிதாக எந்தக் குட்டி வந்தாலும் முதல் நாளே மற்றவற்றோடு விடாதீர்கள். காது பார்த்து, மருந்து வைத்து, மூன்று நான்கு வாரம் தனி அறை, தனிச் சாக்கு. இந்தக் குட்டிக்கு அது நடந்திருந்தால் பெரிய பூனை தப்பியிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை, தெருவில் நனைந்துகிடந்த குட்டியை எடுத்து வந்தவர்களுக்கு அன்றைக்கு அதெல்லாம் தோன்றாது. வெளியே போய்வரும் பூனை என்றால் மாதாமாதம் பிடரி மருந்து தொடரலாம். செலவு கட்டாது என்றால் வாரம் ஒரு நாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், மூன்றின் காதையும் திருப்பிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, வாடையின்றி, லேசான பழுப்பு மெழுகோடு இருந்தால் நல்ல காது. அதை ஒன்றும் செய்யாதீர்கள், சும்மா சும்மா கழுவினாலும் காது கெடும்.

வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. முயலின் காதில் அடுக்கடுக்காகக் கட்டும் பழுப்புப் பொருக்கு வேறொரு பூச்சியால் வருவது, சோராப்டஸ் என்று பெயர். அந்தப் பொருக்கைப் பிய்த்து எடுக்காதீர்கள், அடியில் பச்சைப் புண் இருக்கும், முயலுக்குத் தாங்க முடியாத வலி. மருந்து உள்ளே போனால் சில வாரத்தில் அதுவாக உதிர்ந்துவிடும்.

மருந்துச் செலவு தயக்கம் என்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் காலையில் கொண்டுபோங்கள், காது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். முதல் மருந்து வைத்த தேதியைச் சமையலறை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து முப்பதாம் நாள், சொறிந்தாலும் சொறியாவிட்டாலும், மூன்றையும் மறுபடி காட்டி, காதுத் தூளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். அதில் முட்டை இல்லையென்றால் அப்போது பையனைப் பூனையோடு படுக்க விடலாம்.